சிலுவையின் கதை – 12: உடைக்க உத்தரவு உண்டா?

சென்ற வாரம் தூரின் நகரத்து ஆயர் கிளாடியஸோடு நிறுத்தியிருந்தோம். இயேசு ஆறு மணி நேரம் தொங்கினார் என்பதற்காகச் சிலுவையைக் கும்பிடுவதென்றால், அவர் ஏறிப்போன கழுதையையும் ஏன் கும்பிடக்கூடாது என்று ஒன்பதாம் நூற்றாண்டிலேயே கேட்ட மனிதர் அவர். பதில் எழுதி அவரை மடக்கினார்கள். அவருடைய கேள்வியை மட்டும் மடக்க முடியவில்லை. எழுநூறு ஆண்டு கழித்து அது ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே மறுபடி தலையெடுத்தபோது, கையில் பேனா மட்டும் இல்லை; கடப்பாரையும் கயிறும் இருந்தன.

1523 செப்டம்பர். சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகர மதிலுக்கு வெளியே ஸ்டாடல்ஹோஃபன் என்ற இடத்தில், பெரிய மரச் சிலுவை ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதில் இயேசுவின் சுரூபமும் உண்டு. நம் கத்தோலிக்கர்கள் பாடுபட்ட சுரூபம் என்பார்களே, அது. கிளவுஸ் ஹோட்டிங்கர் என்ற செருப்புத் தொழிலாளி கூட்டாளிகளோடு போய் அதைத் தோண்டிச் சாய்த்தார். எதற்கு என்று கேட்டபோது, மரத்தை விற்று ஏழைகளுக்குக் கொடுக்கப்போகிறேன் என்றார். விக்கிரகம் கூடாது என்று வேதத்தில் இருக்கிறது, பிரசங்கத்திலும் கேட்டேன் என்பது அவர் வாதம். பொய்யில்லை. அந்த ஊர்ப் பெரிய கோயிலின் பிரசங்க மேடையில் நின்று சுரூபங்களுக்கு எதிராக முழங்கிக்கொண்டிருந்தவர் சாட்சாத் உல்ரிச் சுவிங்ளி.

நகர மன்றம் ஹோட்டிங்கரைப் பிடித்து அடைத்தது. இரண்டு ஆண்டுகள் ஊருக்குள் வரக்கூடாது என்று தீர்ப்பு. வெளியே போனவர் கத்தோலிக்கப் பகுதியில் மாட்டிக்கொண்டார். 1524 மார்ச்சில் லூசர்ன் நகரில் அவர் தலை வெட்டப்பட்டது. அடுத்த மூன்று மாதத்தில், அதாவது ஜூனில், ஜூரிச் நகர மன்றமே கோயில்களில் உள்ள சுரூபங்களையெல்லாம் அகற்ற உத்தரவு போட்டது. சுவிங்ளியும் சக குருக்களும், கூடவே தச்சர்களும் கொத்தர்களும் உள்ளே போனார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொரு கோயிலாக வேலையை முடித்தார்கள். ஹோட்டிங்கர் கடப்பாரையால் செய்ததைத்தான் இவர்களும் செய்தார்கள். அவரிடம் இல்லாத ஒன்று இவர்களிடம் இருந்தது: அரசு முத்திரை குத்திய ஒரு காகிதம்.

இந்த நூறு ஆண்டுக் கதையைப் படிக்கப் படிக்க எனக்குத் தோன்றுவது இதுதான். கிறிஸ்தவன் சிலுவையை மாட்டிக்கொள்ளலாமா, கோயிலில் வைக்கலாமா என்று மேடையில் வாதம் நடக்கும். தீர்ப்பு நாளில் நீதிமன்றம் அந்தக் கேள்வியைத் தொடவே தொடாது. உன்னைச் செய்யச் சொன்னது யார் என்றுதான் கேட்கும்.

ரோமச் சபையிலிருந்து பிரிந்த இந்தச் சீர்திருத்தக்காரர்கள் எல்லாரும் ஒரே கட்சி என்று நினைத்துவிடக் கூடாது. ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் இந்த உடைப்பு வேலையை அடியோடு வெறுத்தார். கிறிஸ்துவின் பாடுகளைக் கேட்கும்போது, விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் சிலுவையில் தொங்கும் ஒரு மனிதனின் உருவம் என் மனதில் எழத்தான் செய்கிறது; உள்ளத்தில் இருந்தால் பாவமில்லை, கண்ணெதிரே இருந்தால் மட்டும் பாவமா என்ற பொருளில் 1525-ல் எழுதினார். லூத்தரன் கோயில்களில் சுரூபச் சிலுவை தங்கிவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவும் இந்த மரபில் வந்தவர்தான். ஜூரிச்சிலிருந்தும் ஜெனீவாவிலிருந்தும் பாடம் படித்த, பியூரிட்டன்கள் எனப்பட்ட ஆங்கிலேயத் தீவிரச் சீர்திருத்தக்காரர்களுக்கோ வெறும் இரண்டு கட்டைகள் குறுக்கே கிடந்தாலே முகம் சிவந்தது.

இங்கிலாந்தில் அவர்களுக்கு முதல் தலைவலி அரசியே. 1558-ல் பட்டத்துக்கு வந்த எலிசபெத், நாடு முழுக்கக் கோயில்களில் இருந்த சுரூபங்களை அகற்ற வைத்தார். ஆனால் தன் அரண்மனைச் சிற்றாலயத்தில் மட்டும் வெள்ளிச் சிலுவையையும் மெழுகுவத்தியையும் வைத்துக்கொண்டார். ஆயர்கள் கெஞ்சிப் பார்த்தார்கள், கடிதம் எழுதிப் பார்த்தார்கள். அந்தச் சிலுவை இரண்டு தடவை உடைக்கப்பட்டது, திரும்பவும் வந்துவிட்டது. நாட்டைவிட்டு ஓடிப்போயிருந்த ஜான் மார்ஷல் என்ற கத்தோலிக்க அறிஞருக்கு இந்தச் செய்தி அல்வாவாக இனித்தது. 1564-ல் ஆண்ட்வெர்ப்பில் சிலுவைக்கு ஆதரவாக ஒரு புத்தகம் அச்சிட்டு அதை எலிசபெத்துக்கே சமர்ப்பணம் செய்தார். மறு ஆண்டே ஜேம்ஸ் கால்ஃப்ஹில் என்ற குருவானவர் அதைவிடப் பெரிய மறுப்பு நூல் எழுதவேண்டியதாயிற்று. அரசியின் சிலுவையைக் கண்டிக்காமல் சிலுவையை மட்டும் கண்டிக்க வேண்டும்! அந்தக் கஷ்டம் அவர் பாடு.

கழுத்தில் போடுவது இன்னும் ஆபத்தான விஷயம். போப்பாண்டவர் எலிசபெத்தை 1570-ல் சபைக்குப் புறம்பாக்கினார். பதிலுக்கு 1571-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ரோமிலிருந்து வரும் அக்னுஸ் தேயி, சிலுவை, படம், செபமாலை எதையும் நாட்டுக்குள் கொண்டுவந்து, அணியவோ பயன்படுத்தவோ யாருக்கும் கொடுக்கக் கூடாது. கொடுத்தாலும் வாங்கினாலும் சொத்து பறிமுதல், சிறை. அக்னுஸ் தேயி என்பது ஆட்டுக்குட்டி உருவம் பதித்து, போப்பாண்டவர் மந்திரித்த சின்ன மெழுகு வில்லை. உறையில் போட்டுக் கழுத்தில் கட்டிக்கொள்வார்கள்.

1577-ல் கார்ன்வால் பகுதியில் ஒரு செல்வந்தரின் வீட்டை ஷெரீஃப் ரிச்சர்ட் கிரென்வில் சோதனையிட்டார். வீட்டு மேலாளராக நடித்துக்கொண்டிருந்த கத்பர்ட் மெய்ன் என்ற குருவானவரின் சட்டையைப் பிடித்து விலக்கியபோது, கழுத்தில் இந்த வில்லை. அவர்மேல் சுமத்திய குற்றங்களில் அதுவும் ஒன்று. அந்த நவம்பரில் லான்ஸ்டன் நகரில் தூக்கிலிட்டார்கள். மெழுகு வில்லைக்காக மட்டும் ஒருவரைக் கொன்றார்கள் என்று சொன்னால் மிகைப்படுத்தல். போப்பின் ஆணைத்தாள் வைத்திருந்தது, திருப்பலி நிறைவேற்றியது எல்லாம் சேர்ந்த வழக்கு அது. ஆனாலும் கழுத்தில் என்ன தொங்குகிறது என்பது குற்றப்பத்திரிகையில் ஏறிய காலம் என்பது உண்மை.

பத்து ஆண்டு கழித்து, 1587 பிப்ரவரி 8, ஃபாதரிங்கே கோட்டை. ஸ்காட்லாந்து அரசி மேரி கொலைமேடைக்கு வந்தபோது கையில் பாடுபட்ட சுரூபம், கழுத்தில் அக்னுஸ் தேயி, இடுப்பில் செபமாலை. மேற்பார்வைக்கு வந்திருந்த கென்ட் பிரபுவுக்குப் பொறுக்கவில்லை. கிறிஸ்து கையில் இருந்து என்ன பயன், நெஞ்சில் அல்லவா இருக்கவேண்டும் என்று அந்த நேரத்திலும் பாடம் எடுத்தார். வெட்டு விழுந்த பிறகு மேரியின் உடலோடு இருந்த பொருள்கள் எரிக்கப்பட்டன, இரத்தம் பட்டவை கழுவப்பட்டன. புனிதப் பொருள் என்று யாரும் ஒரு நூல்கூட எடுத்துப்போய்விடக் கூடாதாம். சிலுவைக்கு எந்தச் சக்தியும் இல்லை என்று சொன்னவர்கள்தான் அதைக் கண்டு இவ்வளவு பயந்தார்கள்.

பியூரிட்டன்களுக்கோ ரோமச் சிலுவையோடு கணக்கு தீரவில்லை. அவர்களுடைய சொந்த ஆங்கிலிக்கன் சபையிலேயே, ஞானஸ்நானம் கொடுத்ததும் குருவானவர் குழந்தையின் நெற்றியில் விரலால் சிலுவை வரைவார். ஒரு நொடி வேலை, தடயம்கூட இருக்காது. 1603-ல் முதலாம் ஜேம்ஸ் பட்டத்துக்கு வந்ததும் கொடுத்த மனுவில் இதை நிறுத்தச் சொன்னார்கள். 1604 ஜனவரியில் ஹாம்டன் கோர்ட் அரண்மனையில் அரசர் முன்னிலையிலேயே வாதம் நடந்தது. அரசர் அசையவில்லை. அதே ஆண்டு இயற்றிய சபைச் சட்டங்களில் முப்பதாவது விதி, நெற்றிச் சிலுவைக்காகவே நீளமாக எழுதப்பட்டது. குழந்தை அதற்கு முன்பே முழுமையாக ஞானஸ்நானம் பெற்றுவிட்டது, சிலுவை அடையாளம் எதையும் கூட்டுவதில்லை. ரோமச் சபை தப்பாகப் பயன்படுத்தியது என்பதற்காக நல்ல பயன் கெட்டுப்போகாது. ஆதிக் கிறிஸ்தவர்கள் பகைவர் கேலிக்கு நடுவே இதைப் பெருமையோடு அணிந்தார்கள் என்று அது வாதாடுகிறது. நிதானமான எழுத்து. ஆனால் எதையும் கூட்டாத ஒன்றைச் செய்ய மறுத்தால் வேலை போகும் என்பதை யாரிடம் போய்ச் சொல்ல?

மறுத்தவர்களில் ராபர்ட் பார்க்கர் என்பவர் 1607-ல் வெளியிட்ட நூலைப் போல் சிலுவைக்கு எதிராக இன்னொன்று வந்ததா என்று சந்தேகம். தடித்த பெரிய அளவுப் புத்தகம். மோசேயின் பத்துக் கட்டளைகளையும் வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றையும் சிலுவை அடையாளம் எப்படி மீறுகிறது என்று அத்தியாயம் அத்தியாயமாக நிரூபிக்கிறார். விக்கிரக வழிபாடு சரி. கொலை? விபசாரம்? களவு? பொய்ச்சாட்சி? எல்லாவற்றுக்கும் சிலுவையின்மேல் குற்றச்சாட்டு உண்டு. நெற்றியில் ஒரு விரல் கோடு இத்தனை பாவங்களையும் செய்ததாம்! சிரிப்பு வருகிறது, ஆனால் இந்த எழுத்துக்காக அவர் ஊரைவிட்டே நெதர்லாந்துக்கு ஓடவேண்டியிருந்தது.

இனி லண்டனுக்கு வருவோம். சீப்சைடு என்ற கடைவீதி, தட்டார்கள் வரிசையாகக் கடை போட்ட இடம். நடுவீதியில் அடுக்கடுக்காக எழும்பிய ஒரு பெரிய கல் கோபுரம், உச்சியில் பொன்முலாம் பூசிய சிலுவை. முதலாம் எட்வர்டு அரசர், 1290-ல் இறந்த தன் மனைவி எலினோரின் உடல் லிங்கன் பக்கத்திலிருந்து லண்டன் வரை வந்த வழியில் தங்கிய ஒவ்வொரு இடத்திலும் ஒன்றாக எழுப்பிய 12 நினைவுச் சின்னங்களில் ஒன்று. பின்னால் புதுப்பித்து, மாதா சுரூபம், புனிதர்கள், இயேசுவின் உயிர்ப்பு என்று சிற்பங்கள் சேர்ந்தன. மனைவியை இழந்த துக்கத்துக்குக் கட்டியது மெல்ல மெல்லப் பக்திச் சின்னமாகிவிட்டது.

லண்டன் வரலாற்றை எழுதிய ஜான் ஸ்டோ அப்போது அங்கேயே வாழ்ந்தவர். அவர் சொல்லும் ஒரு விவரம் எனக்கு மிகவும் பிடித்தது. அந்தப் பகுதிக்காரர்கள் முதலில் சிலுவையைப் பற்றி மதப் புகார் எதுவும் கொடுக்கவில்லை. வண்டி போக இடைஞ்சலாக நடுரோட்டில் நிற்கிறது என்றுதான் வட்டார மன்றங்களில் திரும்பத் திரும்ப மனு கொடுத்தார்கள். பலிக்கவில்லை. 1581 ஜூன் 21 இரவில் யாரோ வந்து கீழடுக்குச் சிற்பங்களை உடைத்தார்கள். மாதாவின் கையிலிருந்த குழந்தையைப் பிடுங்கினார்கள், கைகளை ஒடித்தார்கள், கயிறு கட்டி இழுத்து விழும் நிலையில் விட்டுப்போனார்கள். பிடித்துக் கொடுத்தால் 40 கிரவுன் பரிசு என்று அரசியார் அறிவித்தார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவ்வளவு நெரிசலான கடைவீதியில் யாருக்கும் ஒன்றும் தெரியாதாம்!

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் கேலிக்கூத்து. 1595-ல் மாதா சுரூபத்தைச் சரிசெய்து, அடுத்த ஆண்டு கையில் புதுக் குழந்தை ஒன்றை வைத்தார்கள். அது கோணல்மாணலாக இருந்தது என்று ஸ்டோ முகம் சுளிக்கிறார். கிழக்குப் பக்கத்தில் உயிர்த்த இயேசுவின் உருவத்துக்குக் கீழே, ரோமானியரின் தேவதை டயானாவை வெண்கல்லில் செய்து, மார்பிலிருந்து தேம்ஸ் ஆற்று நீர் வழியும்படி வைத்தார்கள். கிறிஸ்தவ நகரம் மாதாவைக் கண்டு பயப்பட்டது, டயானாவை வரவேற்றது! 1599-ல் உச்சிச் சிலுவையின் மரம் ஈயத் தகட்டுக்குள் இற்றுப்போனதால் இறக்கினார்கள். திருப்பி வை என்று அரசி உத்தரவு போட, நகரத்தார் இழுத்தடித்தார்கள். ஆக்ஸ்ஃபோர்டு துணைவேந்தர் ஜார்ஜ் ஆபட்டிடம் ஆலோசனை கேட்டார்கள். அவர் வைக்கக்கூடாது என்றார். ஆனால் அதிகாரிகள் உத்தரவில்லாமல் தனியாட்கள் யாரும் கை வைக்கவும் கூடாது என்றார். பின்னாளில் கேன்டர்பரி பேராயர் ஆனவர் அல்லவா, அந்த ஜாக்கிரதை அப்போதே இருந்திருக்கிறது. கடைசியில் சிலுவை ஏறியது. ஏறிய பன்னிரண்டு இரவுக்குள் மாதாவின் மகுடத்தைப் பிடுங்கி, மார்பில் கத்தியால் குத்திவிட்டுப் போயிருந்தார்கள். கல்லைக் குத்தும் அளவுக்குக் கோபம்.

பல ஆண்டு கழித்து, அரசரும் நாடாளுமன்றமும் போருக்கு இறங்கிய பிறகு சிலுவைக்குக் காவல் இல்லாமல் போனது. சிலுவையே தன் குறையைச் சொல்லி அழுவதுபோல் கேலிப் பிரசுரங்கள் லண்டனில் விற்றன. 1643 ஏப்ரல் 24-ல் சர் ராபர்ட் ஹார்லி தலைமையில் மூடநம்பிக்கைச் சின்னங்களை இடிக்க நாடாளுமன்றம் ஒரு குழு அமைத்தது. மே 2-ம் தேதி சீப்சைடில் இடிப்பு. ஒரு குதிரைப் படைப்பிரிவு, இரண்டு காலாட்படைப் பிரிவு காவல். உச்சிச் சிலுவை கீழே விழுந்தபோது முரசு கொட்டி, ஊதுகொம்பு ஊதி, கூட்டம் தொப்பிகளை ஆகாயத்தில் வீசியது. ஜான் ஈவ்லின் என்ற நாட்குறிப்புக்காரர் அதை நேரில் பார்த்து நொந்துகொண்டார். 1581-ல் இரவில் கயிறு கொண்டுவந்தவர்களைப் பிடிக்க 40 கிரவுன். 1643-ல் பகலில் அதே வேலைக்குப் பட்டாளமே காவல்.

அந்த ஆகஸ்டில் கோயில், திறந்தவெளி எங்கும் சிலுவைகளை அகற்றச் சட்டம் வந்தது. அதில் ஒரு விலக்கு: அரசர், பிரபு, இறந்துபோன பெரிய மனிதர் ஆகியோரின் கல்லறைச் சிற்பங்களையும் குலச் சின்னங்களையும் தொடக்கூடாது, அவர்களை யாரும் புனிதராகக் கருதாதவரை. கிறிஸ்துவின் சிலுவை போகலாம், ஜமீன்தார் சிலை இருக்கலாம். கிழக்கு மாவட்டங்களில் இதை நிறைவேற்ற வில்லியம் டவ்சிங் என்ற விவசாயி நியமிக்கப்பட்டார். சுமார் 250 கோயில்களுக்குப் போய், கோபுரச் சிலுவைகளை இறக்கக் கெடு வைத்து, கோயிலுக்கு 6 ஷில்லிங் 8 பென்ஸ் கூலி வாங்கி, எல்லாவற்றையும் கணக்குப்பிள்ளைபோல் குறிப்பேட்டில் எழுதிவைத்தார்.

இதற்கெல்லாம் ஒன்பது ஆண்டு முன்பே, கடலுக்கு அப்பால், பியூரிட்டன்கள் குடியேறியிருந்த அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் இன்னும் விசித்திரமாக ஒன்று நடந்தது. 1634 நவம்பரில் நீதிமன்றத்துக்கு ஒரு புகார் வந்தது: சேலம் ஊர்ப் படையின் கொடியிலிருந்து சிவப்புச் சிலுவையின் ஒரு பகுதி வெட்டி எடுக்கப்பட்டிருக்கிறது. நம் தமிழ்நாட்டுச் சேலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது எருசலேமின் பழைய பெயரான சாலேம். கொடியில் இருந்தது புனித ஜார்ஜின் சிலுவை. ஐந்தாறு ஆண்டு கழித்துச் சென்னைக் கடற்கரையில் எழுந்த கோட்டைக்கும் இதே புனிதரின் பெயரைத்தான் வைத்தார்கள். வெட்டியவர் குடிபோதையில் இருந்த படைவீரன் அல்ல, ஜான் எண்டிகாட். அந்தக் குடியேற்றத்தை ஆளும் நீதிபதிகளில் ஒருவர். இந்தச் சிலுவையை வெற்றிச் சின்னமாக இங்கிலாந்து அரசருக்குக் கொடுத்ததே போப்பு, ஆகவே இது எதிர்க்கிறிஸ்துவின் மிச்சம் என்பது அங்கே பேசப்பட்ட காரணம்.

மற்ற நீதிபதிகளுக்கு வியர்த்தது. அவர்களில் பலருக்கும் சிலுவை பிடிக்காது என்பது வேறு விஷயம். ஆனால் அந்த ஆண்டுதான் லண்டனில் பேராயர் லாட் தலைமையில் குடியேற்றங்களைக் கட்டுப்படுத்த ஒரு குழு அமைந்து, அவர்களுடைய உரிமைப் பட்டயத்தைப் பறிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அரசரின் கொடியைக் கிழித்தார்கள் என்ற செய்தி போய்ச்சேர்ந்தால் கலகம் என்பார்கள். இதில் எங்களுக்கு உடன்பாடில்லை என்று இங்கிலாந்துக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். ஊரிலோ படைவீரர்களே சிலுவைக் கொடிக்குப் பின்னால் அணிவகுக்க மறுத்தார்கள். குருமார் இரண்டுபட்டார்கள். தாமஸ் ஹூக்கர் என்ற பெரிய பிரசங்கி, கொடியில் இருப்பது ஆராதனைச் சின்னமல்ல, படைக்கு அடையாளம், அதில் பாவமில்லை என்று எழுதினார்.

1635 மே மாதத் தீர்ப்பு படிக்கவேண்டிய ஒன்று. எண்டிகாட் அவசரப்பட்டார், தனக்கு இல்லாத அதிகாரத்தை எடுத்துக்கொண்டார், மன்றத்தைக் கேட்கவில்லை, இங்கிலாந்து நம்மைத் தப்பாக நினைக்க இடம் கொடுத்தார். இதுவரை சரி. அடுத்ததுதான் உச்சம்: சிலுவை பாவம் என்று அவருக்குத் தோன்றியிருந்தால், மற்ற ஊர்க்காரர்களையும் அந்தப் பாவத்திலிருந்து மீட்க முயன்றிருக்க வேண்டாமா? சேலத்தில் மட்டும் வெட்டிவிட்டுச் சும்மா இருந்தது அன்பில்லாத செயல்! மென்மையான மனசாட்சியால் செய்தார் என்பதால் தண்டனை குறைவு. ஓராண்டு பதவி கிடையாது. சிலுவை இருக்கலாமா கூடாதா என்று ஒரு வரி சொல்லவில்லை. ஹோட்டிங்கர் வழக்கை நடத்திய ஜூரிச் மன்றத்தார் இதைப் பார்த்திருந்தால் கைகொடுத்திருப்பார்கள்.

ஓராண்டு முடிவதற்குள், படைகளுக்குப் புதுக் கொடி கொடுக்கும் பொறுப்பு வகித்த குழு, சிலுவையை விட்டுவிட்டுக் கொடிகளைத் தயார்செய்தது. எண்டிகாட் பின்னால் பல முறை ஆளுநர் ஆனார்.

1636-ல் பாஸ்டன் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரர், கோட்டையில் அரசரின் கொடி இல்லையே, நீங்களெல்லாம் துரோகிகளா என்று சத்தம் போட்டார். ஏற்றிவிடலாம் என்று பார்த்தால் குடியேற்றம் முழுவதிலும் அப்படி ஒரு கொடிகூட இல்லை. கப்பல்காரர்களிடமே வாங்கவேண்டியதாயிற்று. அதை ஏற்றுவதா என்று மறுபடி வாதம். கோட்டை அரசருடையது, அங்கே மட்டும் அவர் கொடி பறக்கட்டும் என்று ஆளுநர் ஹென்றி வேனும் தாமஸ் டட்லியும் தங்கள் சொந்தப் பொறுப்பில் ஏற்றினார்கள். மற்றவர்கள் கையெழுத்துப் போடவில்லை. ஐம்பது ஆண்டு கழித்து, 1686-ல், கொடியில் சிலுவையைத் திரும்ப வைக்க உத்தரவு வந்தபோதும் சாமுவேல் சீவால் என்ற வணிகர் படைத்தலைவர் பதவியை ராஜினாமா செய்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

இங்கிலாந்தில் ஆல்டருக்குப் பக்கத்தில் சிலுவை எந்த இடம் வரை வரலாம், எந்த இடத்தில் ஒட்டக்கூடாது என்று 1857-ல் உச்ச நீதிபதிகள் உட்கார்ந்து அளந்து தீர்ப்புச் சொன்ன கதை அடுத்த வாரம்.

(தொடரும்)